டெங்கு வந்தது நல்லதாப் போச்சு

செகந்திராபாத்தில் கிளம்பிய லோக்கல் ரயிலில் என் எதிரே ஒரு அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகளின் பெட்டியில் வெளிநாட்டு விமான நிலையத்துச் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு டெங்கு வந்தது நல்லதாப் போச்சும்மா" என்றாள் மகள்.

"வாயக் கழுவுடி! பத்து நாள் ஆஸ்பத்திரில உன் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தவ நான்."

"கேளும்மா. பப்ளிக் ஹெல்த் கிளாஸ்ல ரெண்டு மாசம் நான் வாயே திறக்கல. படிப்ப விட்டுட்டுத் திரும்பிடலாம்னுகூட நெனச்சேன். ஒருநாள் ப்ரொஃபஸர், இங்க யாருக்காவது டெங்கு வந்திருக்கான்னு கேட்டார். நான் மட்டும்தான் கை தூக்கினேன். அப்புறம் ஒரு மணி நேரம் நான்தான் பேசினேன்."

"என்னத்தப் பேசின?"

"நம்ம வீட்டுத் தண்ணி டிரம் பத்தி."

"ஐயோ, நான் மூடாம வெச்சிருந்ததச் சொல்லிட்டியா?" அம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

"ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி வர்ற தெருவுல டிரம் இல்லாம யாரால குடும்பம் நடத்த முடியும்னு கேட்டேன். தப்பு உன் மேல இல்லம்மா. ப்ரொஃபஸர் அதையே ஆராய்ச்சி பண்ணச் சொல்லிட்டார். நாளைலேர்ந்து மௌலா அலியில நம்ம தெருவுல வீடு வீடாப் போகப்போறேன்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ தனியாப் போனா நக்கோ, வேணாம்னு கதவச் சாத்திடுவாங்க. நானும் வரேன். முதல்ல என் டிரம் கதையச் சொல்றேன். அப்புறம் பாரு, அவங்களே உள்ள கூப்பிட்டு அவங்க டிரம்மக் காட்டுவாங்க. நீ எழுதிக்கிட்டா போதும்."