தண்ணீர் லாரிக்கு ஒரு பேட்டரி போதும்

காபியில் சர்க்கரை சரியாக இருக்கிறது, பக்தவத்சலம் சார். உட்காருங்கள், சொல்கிறேன். நீங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர், கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அந்தோணிராஜின் தண்ணீர் லாரி மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய டீசல் வண்டி. அதற்கு ஒரு பேட்டரி போதாது. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இரண்டைக் குட்டையான ஒரு கேபிளால் தொடுத்து இருபத்துநாலாக்க வேண்டும். கோடை தொடங்கும்போது அதில் ஒன்று செத்துப்போனது. வண்டி என் வீட்டு வாசலில் நின்றது. என் மனைவி புஷ்பா இறந்து அப்போது அதிக நாளாகவில்லை. வெளியே சத்தம் கேட்டு எழுந்து வந்தேன்.

வண்டி கிளம்பினால்தான் பின் தெருவுக்குத் தண்ணீர். அதனால் தள்ளுவதற்குப் பின் தெருப் பெண்களே வந்திருந்தார்கள். நானும் கை வைத்தேன். பக்கத்தில் குளோத்திங் ஃபேக்டரியில் தைக்கும் ஜெயகுமாரி.

"சார், நீங்க தள்றீங்களா, சாஞ்சுகினு கீறீங்களா?" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். நான்தான் என்று சற்றுப் பொறுத்துத் தெரிந்தது. இதை விவரத்துக்காகச் சொல்கிறேன். அவளுக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமில்லை.

மறுநாள் அந்தோணிராஜ் வந்தார். "நைனா, துக்க ஊட்டுல வந்து கேக்குறேன்னு தப்பா நெனக்காத. நீ பிஸிக்ஸு படிச்சவன். கடைக்காரன் இன்னாவோ ஆம்பியருன்றான், எனக்கு ஒண்ணும் பிரில."

அம்பத்தூருக்குப் போனோம். கடைக்காரர் நேர்மையானவர். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒரே ஆம்பியர், ஒரே வயது, இல்லாவிட்டால் பழையது புதியதையும் கெடுத்துவிடும் என்றார். கல்லூரியில் நான் படித்ததும் அதுதான். அந்தோணிராஜ் என் முகத்தைப் பார்த்தார். ஒன்று போதும் என்றேன்.

மாட்டியதும் நான்தான். பேட்டரி முனையில் கேபிளைப் பிடித்திருக்கும் எர்த் கிளாம்ப்பை முழுவதும் முறுக்கவில்லை. பேட்டரிக்கும் மூச்சு விட இடம் வேண்டும் என்று அந்தோணிராஜிடம் விளக்கினேன். தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் இன்ஜினை அணைத்துவிடுங்கள், பேட்டரிக்கு ஓய்வு கிடைக்கும் என்றும் சொன்னேன். பட்டதாரி சொன்னால் கேட்கும் நல்ல மனிதர் அவர். தினமும் காலையில் என் வாசலில் அணைத்தார். தினமும் வண்டி அங்கேயே படுத்துக்கொண்டது.

தண்ணீர் நிறைந்த லாரியைத் தள்ள முடியாது. பாரத்தைக் குறைக்க எங்கள் தெருவிலேயே தொட்டியைக் காலி செய்தோம். பிறகு பின் தெருக்காரர்கள் வந்து காலி லாரியைத் தங்கள் தெருவரை தள்ளிக்கொண்டு போனார்கள். இதில் ஒரு முரண்பாடு இருப்பதை முதலில் கவனித்தது பின் தெரு வசந்தகுமாரி.

"யோவ் அண்ணாத்தே, தண்ணி ஊத்துறியா, இல்ல எங்கள வெச்சி வண்டி ஓட்டுறியா?"

"நான் இன்னாம்மா பண்றது? வண்டிக்குக் கண்ணு பட்டுச்சி."

"இந்த மூஞ்சிக்கா?"

அந்தோணிராஜ் எலுமிச்சம்பழம் கட்டினார். பாதிரியாரைக் கூட்டிவந்து தீர்த்தம் தெளித்தார். தீர்த்தம் தெளித்த அன்று வண்டி ஒரே சொடுக்கில் கிளம்பிவிட்டது. கிளாம்ப்பை இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன். கிளீனர் வீராசாமி, அதை யாரோ கழற்றுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். அவன் கை ராசியில்லை என்று அந்தோணிராஜிடம் சொன்னேன். வீராசாமி இப்போது திருநின்றவூரில் சும்மா இருக்கிறான் என்று கேள்வி. அங்கே வாடகை குறைவு.

பின் தெருவில் தண்ணீர் இல்லாமல் ஞானம்மாள் வீட்டுப் பெயர் சூட்டு விழா தள்ளிப்போனது. குழந்தையை இன்னமும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெண்கள் ரயில்வே கேட் தாண்டிக் குடம் சுமந்தார்கள். நான் கல்நெஞ்சன் இல்லை. தினமும் ஒரு குடம் எடுத்து வைத்தேன், தள்ள வருகிறவர்களில் யாருக்காவது ஆகும் என்று. அது ஜெயகுமாரிக்கே போனது தற்செயல். அவள் இடது மூலையில் தள்ளுவாள். நானும் இடது மூலை. விசை ஒரே இடத்தில் சேர்ந்தால் பலன் அதிகம்.

பிறகு சங்கத்தில் வசூல் செய்து, நீங்களே போய் ஒரே மாதிரி இரண்டு பேட்டரி வாங்கி வந்தீர்கள். கிளாம்ப்பையும் நீங்களே முறுக்கினீர்கள். நல்ல முறுக்கு. மறுநாள் வண்டி சாவி திருப்பியதும் உறுமிக்கொண்டு பின் தெருவுக்குப் போய்விட்டது. தள்ள யாரும் வரவில்லை. நான் எடுத்து வைத்த குடம் சாயங்காலம் வரை அப்படியே இருந்தது.

நேற்று அந்தோணிராஜ் பூசைக்குப் போயிருந்தபோது வண்டி மாதா கோயில் வாசலில் நின்றது. இரண்டு பேட்டரிக்கும் நடுவிலிருந்த கேபிளைக் கழற்றி எடுத்தது நான்தான். புதியதோடு பழைய பேட்டரியைச் சேர்த்ததும், கிளாம்ப்பைத் தளர்த்தியதும், வீராசாமியை அனுப்ப வைத்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எல்லாம் அந்தப் பழைய வண்டியின் நன்மைக்காகத்தான்.

கேபிள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. இன்றே கொடுத்துவிடலாம். ஆனால் யார் வந்து வாங்குவது என்று யோசிக்க வேண்டும். அந்தோணிராஜ் கோபத்தில் இருப்பார். வசந்தகுமாரி சத்தம் போடுவார். உங்களுக்கு முழங்கால் வலி, என் வீட்டு மாடிப்படி ஆகாது. ஜெயகுமாரிக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு.

அதுவரை வண்டி நிற்கட்டும்.