பதினோரு கருத்துச் சீட்டுகள்

பத்தாம் ஆண்டு விழாவின் தலைமை இருக்கையை அணிசெய்யும் கேளிக்கைப் பூங்காத் தலைவர் அவர்களே! அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, கடிகாரத்தை ஒரு கண்ணாலும் என்னை மறு கண்ணாலும் காத்துக்கொண்டிருக்கும் மேலாளர் அவர்களே! வெயிலில் வரிசையில் நின்று வியர்வையோடு வந்து வீற்றிருக்கும் பெரியோர்களே! ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் பிள்ளையின் செருப்பையும் பிடித்துக்கொண்டு, மூன்றாவது கை இல்லாத குறையை முறைப்பாலேயே தீர்த்துக்கொள்ளும் தாய்மார்களே! ராட்டினத்தில் சுற்றிய தலை நிற்பதற்குள் என் பேச்சைக் கேட்க வந்து மாட்டிக்கொண்ட இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் தலை தாழ்ந்த வணக்கம்.

தலை தாழ்ந்த வணக்கம் என்றேன். அவையடக்கத்துக்காகச் சொல்லவில்லை. நிமிர்த்த முடியாமல் சொல்கிறேன்.

போன வாரம் மேலாளர் என்னை அழைத்தார். "சார், இந்தப் பத்து வருஷத்துல படம் பார்த்தவங்க எழுதின கருத்துல நல்லதா ஒரு இருபது எடுத்துப் படிங்க. ஜனங்க கைதட்டுவாங்க. அப்படியே உங்களுக்குக் கேடயத்தையும் குடுத்து முடிச்சுடலாம்" என்றார். அந்தக் கேடயம் அதோ மேசைமேல் மின்னுகிறது. அதில் என் பெயர் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது.

நான் யார்? அந்த வட்டக் கொட்டகையில் நம் ஊர் வரலாறு என்று இருபது நிமிடம் ஓடுகிறதே ஒரு படம், அதை எழுதியவன். அதில் கம்பீரமாகக் கதை சொல்லும் குரலும் என்னுடையதே. இத்தோடு விட்டார்களா? கருத்துப் பெட்டியைத் திறந்து, எந்தச் சீட்டைச் சுவரில் ஒட்டுவது, எதை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கும் வேலையையும் என்னிடமே கொடுத்தார்கள். கழிப்பறையைக் குறை சொன்னால் துப்புரவுப் பிரிவுக்கு. சிற்றுண்டியைக் குறை சொன்னால் சமையற்கூடத்துக்கு. படத்தைக் குறை சொன்னால்? எனக்கே! பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தார்கள் ஐயா!

படத்தில் என்ன வருகிறது? நாற்பது ஆண்டுகளுக்கு முன் நம் ஆற்றில் வந்த பெருவெள்ளம் வருகிறது. அணைக்கட்டில் நான்கு மதகுகள். அவற்றைத் திறந்துவிட வேண்டிய மதகுக் காவலர், வெள்ளத்தைக் கண்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டம் பிடிக்கிறார். "ஓடினான், ஓடினான், ஊரை விட்டு ஓடினான்" என்று என் குரல் முழங்குகிறது. அப்போது ஓர் இளைஞன் பாய்ந்து வருகிறான், மதகுச் சக்கரத்தைச் சுழற்றுகிறான், நாற்காலிகள் ஆடுகின்றன, உங்கள் முகத்தில் தண்ணீர் அடிக்கிறது, ஊர் பிழைக்கிறது. நீங்கள் கைதட்டுகிறீர்கள்.

எழுதிய கருத்துகளோ எத்தனை! "நாற்காலி ஆடியதில் என் மாமனாரின் பல்செட் கழன்று விழுந்தது. ஒரு மணி நேரம் அவர் பேசவில்லை. மிக்க நன்றி." இது சுவரில் இருக்கிறது. "முகத்தில் அடிக்கத் தண்ணீர் இருக்கிறது, குடிக்கத்தான் இல்லை." இது சுவருக்குப் போகவில்லை. "ஓடுகாலி ஓடும்போது என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான்." இப்படி எழுதியவர்கள் ஆயிரம் பேர். ஒரு குழந்தை கேட்டிருந்தது: "அந்த வீரருக்குச் சிலை எங்கே?" உடனே நிர்வாகம் சிலை வைத்தது. வாசலில் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் பக்கத்தில் நின்று படமும் எடுத்திருப்பீர்கள்.

அப்படி ஓர் ஆள் பிறக்கவே இல்லை.

சிரிக்காதீர்கள் ஐயா! நான் மேசையில் உட்கார்ந்து பெற்ற பிள்ளை அவன். கதைக்கு ஒரு வீரன் வேண்டும் என்று நினைத்தேன், எழுதினேன். இல்லாதவனுக்குச் சிலை எழுந்தது. சரி, இருந்தவருக்கு என்ன செய்தேன்? அதைச் சொல்லத்தான் இந்த ஒலிபெருக்கியைப் பிடித்திருக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெட்டியில் ஒரு சீட்டு கிடந்தது. கோடு போட்டது போன்ற கையெழுத்து. "மதகுக் காவலர் ஓடவில்லை. அவர் என் அப்பா. தயவுசெய்து விசாரித்து மாற்றுங்கள்." கீழே முகவரி.

நான் என்ன செய்தேன்? விசாரித்தேனா? விலாசம் தேடிப் போனேனா? நம்மிடம்தான் அச்சடித்த பதில் அட்டை இருக்கிறதே! "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. மீண்டும் வருக!" அதில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். சீட்டை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

மீண்டும் வருக என்று அழைத்தேன் அல்லவா? அவர் மீண்டும் வந்தார். மீண்டும் வரிசையில் நின்றார், மீண்டும் அந்த இருட்டில் அமர்ந்தார், தன் தகப்பன் ஓடுவதையும் ஊர் சிரிப்பதையும் மீண்டும் பார்த்தார். வெளியே வந்து மீண்டும் எழுதினார். நான் மீண்டும் நன்றி சொன்னேன். தாய்மார்களே, பதினோரு முறை! பதினோரு சீட்டு, பதினோரு நன்றி, பதினோரு "மீண்டும் வருக"!

போன மாதம் என் ஸ்கூட்டர் மக்கர் செய்தது. பூங்கா வாசலில் ஐந்து மணிப் பேருந்தில் ஏறினேன். நம் பார்வையாளர்களின் உண்மையான கருத்தை அன்றுதான் கேட்டேன். பெட்டியில் விழுவது பாதிதான். மீதி பேருந்தில் ஓடுகிறது. பின் இருக்கைகளில் பிள்ளைகள் ஒரே கும்மாளம். ஒருவன் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஐயோ தண்ணி! நான் ஓடிட்டேன்பா, ஓடிட்டேன்!" என்று நடுவழியில் ஓடிக் காட்டினான். பேருந்தே சிரித்தது. பெற்றவர்கள் சிரித்தார்கள். என் எழுத்து இத்தனை பேரைச் சிரிக்க வைக்கிறதே என்று எனக்குள்ளும் ஓர் இளிப்பு.

நடத்துநர் ஒரு பெண்மணி. ஐம்பதைத் தொடும் வயது. தோளில் பை, கழுத்தில் விசில். அந்தப் பையன் அவர்மேலேயே ஓடி முட்டினான்.

"ஆன்ட்டி, நீங்க அந்தப் படம் பார்த்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கேன்பா. பதினோரு தடவை."

"ஐயோ, பதினோரு தடவையா! ஓடுகாலி சூப்பர்ல?"

அவர் பையனைத் தோளைப் பிடித்து நிமிர்த்தி நிறுத்தினார். "அந்த நடிகர் நல்லாத்தான் நடிச்சிருக்கார். நீ கம்பியைப் பிடிச்சுக்கோ, வளைவு வருது" என்றார்.

பதினோரு தடவை! என் இழுப்பறையில் கிடந்த சீட்டுகளும் பதினொன்றுதான். அதற்குள் என்னிடம் வந்துவிட்டார். எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார். நான் வாயைத் திறந்து, "கடைசி நிறுத்தம், ஒண்ணு" என்றேன். சீட்டைக் கிழிக்கப் போன விரல் அப்படியே நின்றது.

"இந்தக் குரல் எனக்குத் தெரியும்" என்றார். "படத்துல பேசுறது நீங்கதானே?"

அந்தக் கணத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஆமாம் அம்மா, நான்தான் என்று எழுந்திருக்க வேண்டாமா? எழுந்தேன் ஐயா, எழுந்தேன். "இல்லைங்க, அது வேற யாரோ" என்று சொல்லிவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் ஆளை இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். இறங்கி விறுவிறுவென்று நடந்தேன். நடந்தேனா? ஓடினேன்! கடமையின் முன்னால் நின்று கால் பிடரியில் பட ஓடியவன் ஒருவன் இந்த ஊரில் உண்டென்றால், அவன் அணைக்கட்டில் இல்லை. இதோ இந்த மேடையில் நிற்கிறான்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ஏங்க, மன்னிப்புக் கேக்க நாக்கு இவ்ளோ கூசுதே, பொய் எழுதும்போது கை கூசலையா?" என்றாள்.

இப்போது சொல்லப் போவது என் மனைவிக்கும் அன்றுவரை தெரியாதது. படம் எழுதுமுன் நான் பொதுப்பணி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அணைக்கட்டின் பழைய பதிவேட்டைக் கையில் வாங்கிப் புரட்டினேன். மதகு வீட்டின் மேல் அறை அலமாரியில் நனையாமல் தப்பிய ஏடு அது. வெள்ள நாளின் பக்கத்தில் மதகுக் காவலரின் கையெழுத்து. "முதல் மதகு திறந்தது, பன்னிரண்டு இருபது. இரண்டாவது, ஒன்று பத்து. மூன்றாவது, இரண்டு ஐந்து." நான்காவதுக்குப் பதிவே இல்லை. அடியில் பொறியாளர் வேறு மையில் எழுதியிருக்கிறார்: "வெள்ளம் வடிந்தபின் பார்த்தபோது நான்கு மதகுகளும் திறந்தே இருந்தன. காவலரைக் காணவில்லை."

விளங்குகிறதா பெரியோர்களே? ஒவ்வொரு மதகையும் கீழே போய்த் திறந்துவிட்டு, மேலே ஏறி வந்து எழுதியிருக்கிறார். நான்காவதையும் திறந்தார். ஏறி வரத்தான் அவர் இல்லை. உடல் கிடைக்கவில்லை என்பதால் ஓடிவிட்டான் என்று ஊர் வாய் சொன்னது. ஊர் வாய்க்கு ஏடு தெரியாது. எனக்குத் தெரியும்! தெரிந்தும் மூடி வைத்தேன். யாராவது என்னை மிரட்டினார்களா? இல்லை. வில்லன் வேண்டும் என்று தலைவர் கேட்டாரா? இல்லை. ஓடுகிற ஆள் இருந்தால் படமும் ஓடும் என்று நானாக நினைத்தேன். அவ்வளவுதான். அவ்வளவு அற்பமான காரணம்.

மறுநாள் காலை அந்தப் பக்கத்தின் நகலை வாங்கிக்கொண்டு, பதினோரு சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு பேருந்துப் பணிமனைக்குப் போனேன். ஓய்வறையில் மர பெஞ்சில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் டப்பாவை மூடினார்.

"நேத்து நான் பொய் சொன்னேம்மா. அந்தக் குரல் நான்தான்."

"தெரியும். உட்காருங்க."

நகலை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். அந்த ஏட்டை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு பேசினார். "அன்னைக்கு மத்தியானம் வீட்டுக்கு ஓடி வந்தார். எனக்கு ஒன்பது வயசு. 'பிள்ளைங்களைக் கூட்டிட்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போ, நாலையும் திறந்துட்டு வந்துடுறேன்'னு அம்மாகிட்ட சொன்னார். வந்துடுவார்னு நாங்க மூணு நாள் வாசப்படியிலயே உட்கார்ந்திருந்தோம். அப்புறம் ஊர்ல பேச ஆரம்பிச்சாங்க. அம்மா அதுக்கப்புறம் ஒரு விசேஷத்துக்கும் போகலை."

நகலை மடித்தார். என் முகத்தைப் பார்த்தார். "இதை எப்ப பார்த்தீங்க?"

நேற்றுத்தான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு அந்தப் பொய்க்குத் தயாராகவே இருந்தது. "படம் எழுதுறதுக்கு முன்னாடியே பார்த்துட்டேம்மா" என்றேன்.

வெளியே ஒரு பேருந்து பின்னோக்கி வந்து நின்றது. யாரோ அவரை அழைத்தார்கள். அவர் அசையவில்லை.

"தெரியாமப் பண்ணியிருப்பீங்கன்னு நினைச்சுத்தான் இத்தனை தடவை எழுதினேன்" என்றார். "தெரிஞ்சேதான் பண்ணியிருக்கீங்க."

"மன்னிச்சுடுங்கம்மா."

"அது இப்ப என்னால முடியலை. முடியும்போது பார்க்கலாம். எங்கப்பா ஓடினார்னு இருட்டுக் கொட்டகையில மைக்ல சொன்னீங்க இல்ல? இதையும் மைக்ல சொல்லுங்க." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பணிக்குப் போய்விட்டார்.

அதனால்தான் சொல்கிறேன்!

இதோ மேலாளரிடமிருந்து ஒரு துண்டுச் சீட்டு வருகிறது. "சுருக்கமாக முடிக்கவும்." ஐயா, நாற்பது ஆண்டு தாமதமாகத் தொடங்கிய பேச்சை நான்கு நிமிடம் முன்னதாக முடிக்கச் சொல்கிறீர்களே! பத்து ஆண்டுகளாக இவருடைய சீட்டுகளுக்கு நான் பணிந்தேன். இன்று பதினோரு சீட்டுகளுக்குப் பணிகிறேன்.

தலைவர் அவர்களே, உங்களிடம் முன்கூட்டிச் சொல்லாதது என் தவறு. சொன்னால் விழா முடியட்டும் என்பீர்களோ என்று பயந்தேன். பயம் எனக்குப் பழக்கம். இப்போது ஊர் முன்னிலையில் கேட்கிறேன். அந்தப் படம் இனி ஒரு காட்சிகூட ஓடக் கூடாது. என் குரலை அதிலிருந்து நான் திரும்பப் பெறுகிறேன்.

என்ன சொல்கிறார் தலைவர்? "அந்தப் பதிவேடு நிஜமா இருக்கா?" என்று கேட்கிறார். இருக்கிறது ஐயா. நகல் இதோ, வாங்கிப் பாருங்கள்.

பார்க்கிறார்.

இன்னும் பார்க்கிறார்.

"நாலு மணிக் காட்சியை நிறுத்தச் சொல்லுங்க" என்கிறார். கேட்டதா உங்களுக்கு? "சிலையைப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்றும் சொல்கிறார். சரி ஐயா, பேசுவோம். நான் விடமாட்டேன்.

கைதட்டாதீர்கள்! கெஞ்சிக் கேட்கிறேன், எனக்குக் கைதட்டாதீர்கள். பானையை உடைத்தவன் ஓட்டைப் பொறுக்குவது வீரமா? கேடயத்தை இந்த மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறேன். அந்தப் பெண்மணி இங்கே வரவில்லை. அழைத்தேன். "எனக்கு டூட்டி இருக்கு" என்றார். அவர் என்னை மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டதாக யாரும் வெளியே போய்ச் சொல்ல வேண்டாம்.

ஆனால் தாய்மார்களே, தகப்பன்மார்களே, உங்களிடம் ஒன்று கேட்பேன். உங்கள் வீட்டில் எந்தப் பிள்ளையாவது அந்த ஓட்டத்தை ஓடிக் காட்டினால், அடிக்காதீர்கள், அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு மனிதர் நான்கு மதகுகளைத் திறந்தார் என்று சொல்லுங்கள். முதல் மதகில் தொடங்கி நான்காவது வரை சொல்லுங்கள். அப்புறம் அவருக்கு என்ன ஆச்சு என்று பிள்ளை கேட்கும். அவர் திரும்பி வரவில்லை, நாம்தான் அவரைத் தப்பாகப் பேசிவிட்டோம் என்று சொல்லுங்கள்.

பேச இடம் தந்த தலைவருக்கும், பொறுத்துக்கொண்ட மேலாளருக்கும், சிரிக்க வந்த இடத்தில் இந்த வெட்கத்தைப் பங்கு போட்டுக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி கூறி, வணங்கி இறங்குகிறேன்.