மாது எழுத்து

டீ நன்றாக இருந்தது, ஐயா. மிரட்ட வேண்டாம், கேட்டதற்கெல்லாம் சொல்கிறேன்.

தருமபுரியில் போர்டு எழுதும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆஸ்பத்திரி, பேங்க், சாவு என்றால் நிமிர்ந்த கட்டை எழுத்து. கல்யாணம், துணிக்கடை, லாரியின் முதுகு என்றால் சாய்வெழுத்து. யாரோ அவசரமாகக் கைப்பட எழுதியதுபோல, ஒன்றின் தோளில் ஒன்று கை போட்டுக்கொண்டு போகும். பார்த்தால் நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் இருக்கும். அது என் கடையில் பிறந்தது. என் பிரஷ், என் பெயின்ட். அப்படியென்றால் என் எழுத்துதானே?

மாது இண்டூர்க்காரன், என்னிடம் வேலை பார்த்தவன். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் நல்லம்பள்ளி லாரிக்காரர் ஒருவர் என் கடையில் நின்று, என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"மாது எழுத்துல எழுதிக் குடுங்க."

என் எழுத்துக்கு அவன் பெயர். வயிறு எரிந்தது, ஐயா. பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

தொப்பூரில் இன்னும் திறக்காத ஒரு ஓட்டலுக்குச் சுவர் எழுதப் போனோம். மேட்டில் லாரிகள் உறுமிக்கொண்டு ஏறின. மாது ஏணி உச்சியில் நின்றான்.

"நல்லா புடிச்சுக்கங்கண்ணா, இந்த 'ல'வோட சுழிய மட்டும் இழுத்துட்டு எறங்கிடறேன்."

இழுத்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். வேலையைப் பாதியில் விடுவது எனக்குப் பிடிக்காது. பிறகு ஏணியைச் சரித்தேன்.

விழுந்தும் உயிர் இருந்தது. "அண்ணா, கையி..." என்றான். நானும் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போர்டு அடிக்கும் சுத்தியலால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நசுக்கினேன். கட்டைவிரலுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. லாரிச் சத்தத்தில் அவன் கத்தியது வெளியே போகவில்லை. கடைசியாகத் தலையில் அடித்தேன். அது இரக்கப்பட்டுச் செய்தது. கை போனபின் அவன் எப்படிப் பிழைப்பான்?

ரோட்டோரம் இழுத்துப் போட்டேன். லாரி அடித்ததென்று ஊரே நம்பியது.

அவன் மனைவி கண்ணம்மாள் இரங்கல் போர்டு கேட்டு என்னிடமே வந்தாள். கட்டை எழுத்தில்தான் தொடங்கினேன், ஐயா. கை கேட்கவில்லை. வரிக்கு வரி சாய்ந்து, குதித்துக்கொண்டு போனது. முடித்துப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"சாவு போர்டுல எதுக்குங்கண்ணா கல்யாண எழுத்து? அவரு போனதுல உங்க கைக்கு அவ்ளோ சந்தோசமா?" என்றாள். அந்தப் போர்டோடுதான் உங்களிடம் வந்தாள். சுத்தியல் என் கடையிலேயே கிடைத்தது உங்களுக்கு.

ஆமாம், நான்தான் கொன்றேன். கொடுங்கள், கையெழுத்து என் எழுத்திலேயே போடுகிறேன். என் பெயரில் 'வெங்கடாச' வரைக்கும் வந்துவிடும். அந்த 'ல'வின் சுழிதான் எனக்கு என்றைக்குமே வராது. அதை மாதுதான் போட்டுக் கொடுப்பான்.