சும்மா பாய்லர்

— மூணாவது தடவையா கேக்குறேன். இந்த பாய்லருக்கு லைசென்ஸ் எங்க?

— மூணாவது தடவையா சொல்றேன் சார், அது பாய்லர் இல்ல. தண்ணி கேன். பாதியா அறுத்துச் சுவத்துல ஒட்டியிருக்கு.

— யாரு ஒட்டினது?

— என் வீட்டுக்காரர்தான் சார். அதோ, ஏணி மேல நின்னு நம்மள வேடிக்கை பாக்குறாரே, அவரேதான். ஏங்க, இறங்கி வாங்க. தீயணைப்பு ஆபீஸ்லேர்ந்து சார் வந்திருக்காரு. நாளைக்குக் கடை திறக்கணும், அதுக்கு இன்னைக்கு இவரு கையெழுத்து போடணும். வந்து வாயத் திறந்து பதில் சொல்லுங்க.

— வணக்கம் சார். அது சும்மா சார்.

— எது சும்மா?

— எல்லாமே சும்மா சார்.

— சட்டத்துல சும்மான்னு ஒண்ணு கிடையாதுங்க. ஒண்ணு, பாய்லர் இருக்கணும். இல்ல, இருக்கக் கூடாது. குழாய் ஓடுது, சக்கரம் இருக்கு, சுவரு பூரா மீட்டர், எல்லாத்துலயும் முள்ளு ஆடுது. மேல ஆவி வேற வருது. ஒரு காபிக் கடைக்கு எதுக்கு இவ்வளவு பெரிய இன்ஜின்?

— கேளுங்க சார் இந்தக் கூத்த. கடையப் பிடிக்கும்போதே இந்தச் சுவத்துல ஒரு பழைய குழாயும் துருப்பிடிச்ச மீட்டரும் இருந்துச்சு. கழட்டிடலாமான்னு கட்டட ஓனரக் கேட்டேன். தொடாதீங்கம்மா, அது செத்து எத்தனையோ வருஷமாச்சு, அது பாட்டுக்கு இருக்கட்டும்னாரு. எனக்கு மீட்டரப் பாத்தாலே ஆகாது. ஒரு படத்த மாட்டி மறைச்சிடுங்கன்னுதான் இவருகிட்ட சொன்னேன். ஒரே ஒரு படம்.

— படத்த மாட்டினா அந்த இடம் புடைச்சுக்கிட்டு நிக்கும் சார். துணைக்கு இன்னும் நாலு மீட்டர் வெச்சா அதுவும் கும்பல்ல கலந்துடும்.

— நாலா வெச்சாரு? எண்ணிப் பாருங்க சார், தலை சுத்தும். இதுக்கு ஸ்டீம்பங்க்னு பேராம். உலகமே இன்னும் நீராவியில ஓடிக்கிட்டிருந்தா சாமானெல்லாம் எப்படி இருக்கும்னு கற்பனை பண்ணிச் செய்றதாம். பழைய பேப்பர்காரர் எங்க வாசல்ல நின்னு பாத்துட்டு வெறுங்கையோட போறாரு. இந்த மனுஷன் அவருக்கு ஒரு மூடியக் கூட விட்டு வெக்கல.

— கற்பனைய எல்லாம் நான் எழுத முடியாதும்மா. பொம்மைன்னா பொம்மைன்னு நிரூபிங்க. ஒவ்வொண்ணா கேக்குறேன். இந்த உருளை மேல வரிசையா ஆணி அறைஞ்சிருக்கு. தண்ணி கேன்ல யாருங்க ஆணி அறைவாங்க?

— அது மாத்திரை அட்டை சார். மாத்திரை தீந்ததும் அட்டையத் தூக்கிப் போடாம, குமிழ் மேல வர்ற மாதிரி ஒட்டணும். கறுப்பு பெயின்ட் அடிச்சு, காஞ்சதும் செம்புப் பொடிய விரல்ல தொட்டு லேசா தேச்சா ஆணி மாதிரி தெரியும். சும்மாதான்.

— என்ன மாத்திரை?

— என் மாமனாரோட பிரஷர் மாத்திரை சார்.

— பிரஷர்னு நீங்களே ஒத்துக்குறீங்க. எழுதிக்கிறேன்.

— ஐயோ, பிரஷர் எங்க அப்பாவுக்கு சார், சுவத்துக்கு இல்ல!

— சரி, இந்தத் துரு? பொம்மையா இருந்தா துரு எங்கேர்ந்து வந்துச்சு?

— பசையில காபித் தூளக் கலந்து பூசினது சார். சுரண்டி மோந்து பாருங்க.

— ம். காபிதான். நல்ல காபி.

— அதானே பாத்தேன்! கடையே இன்னும் திறக்கல, டப்பா பாதி காலியாயிடுச்சேன்னு நான் எலியத் திட்டிக்கிட்டு இருந்தேன்.

— அம்மா, ஒரு நிமிஷம். இந்தச் சக்கரத்தப் பாருங்க. நல்ல கனமான இரும்பு. இதத் திருகினா எது திறக்கும்?

— ஒண்ணும் திறக்காது சார். சும்மா. தையல் மெஷின் சக்கரம்.

— எந்தத் தையல் மெஷின்?

— சார், இப்பக் கேட்டது நீங்களா?

— நான் இல்லைங்க. உங்க வீட்டம்மா.

— ஏங்க, உங்களத்தான். எந்தத் தையல் மெஷின்?

— அது வந்து... உன்னோடதும்மா.

— ரிப்பேருக்குக் குடுத்திருக்குன்னு சொன்னீங்க!

— குடுத்தேன். ரிப்பேர் ஆகாதுன்னுட்டாங்க. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இங்க மாட்டினா என்னைக்காவது நீயே பாத்துப்பேன்னு விட்டுட்டேன்.

— கேளுங்க சார் இந்தக் கூத்த! தினமும் அதத் தொடச்சிட்டு இருக்கேன் சார் நான்!

— குடும்ப விஷயத்த நான் போனதுக்கு அப்புறம் வெச்சுக்குங்க. இந்த விசில்?

— குக்கர் வெயிட் சார்.

— அடப்பாவி மனுஷா! காலைல குக்கர் முன்னாடி விசில் வரும் விசில் வரும்னு பைத்தியக்காரி மாதிரி உக்காந்திருந்தேனே!

— புதுசு வாங்கி வெச்சிருக்கேன்மா. சட்டைப் பையில இருக்கு. குடுக்க மறந்துட்டேன்.

— ஆவி எங்கேர்ந்து வருது?

— ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்கிற மெஷின் சார். பின்னால ஒளிச்சு வெச்சிருக்கேன். தைலமும் ரெண்டு சொட்டு விட்டிருக்கேன்.

— காலைலேர்ந்து எனக்கு மூக்கடைப்பு. இங்க வந்ததுலேர்ந்து ஒரு பக்கம் திறந்திருக்கு. அதையும் எழுதிக்கிறேன்.

— அத எதுக்கு சார் எழுதுறீங்க?

— பாத்தது எல்லாத்தையும் எழுதணும்மா. கடைசியா இந்த மீட்டர்ங்க. இதுதான் எனக்கு இடிக்குது. நிஜ மீட்டர் இல்லாம முள்ளு இப்படி ஆடாது.

— ஜாம் பாட்டில் மூடி சார். உள்ள காகிதத்துல எண் எழுதி ஒட்டியிருக்கேன். கண்ணாடி மாதிரி இருக்கிறது கூல்டிரிங்க்ஸ் பாட்டில வெட்டினது. முள்ளு ஹேர்பின். எல்லா முள்ளுலயும் பின்னால ஒரு நூல் கட்டி, பொம்மைக் கார் மோட்டார்ல சுத்தி விட்டிருக்கேன். அது இழுக்க இழுக்க இது ஆடும். சும்மா.

— என் ஹேர்பின் எல்லாம் எங்கன்னு நான் கேக்கவே மாட்டேன் சார். கேட்டா நெஞ்சு வெடிச்சிடும்.

— எந்த எண்ணுக்கு அப்புறம் எந்த எண் வரும், சிவப்புக் கோடு எங்க வரும்னு அச்சு அசலா இருக்கே. உள்ள இருந்து பாத்தவங்களுக்குத்தான் இது தெரியும். முன்னாடி என்ன வேலை பாத்தீங்க?

— அது வந்து...

— முழிக்காம சொல்லுங்க.

— பாய்லர் ஆபரேட்டர் சார்.

— பாத்தீங்களா! நெனச்சேன்!

— சார், சார், அது முடிஞ்சு போன கதை. துணி மில்லுல இருந்தாரு. நல்ல வேலை. ஒரு நாள் திடீர்னு அபாயம், அபாயம், எல்லாரும் வெளிய ஓடுங்கன்னு கத்தி மில்லயே தெருவுல நிறுத்திட்டாரு. மேனேஜர் போட்டுக்கிட்டிருந்த கையெழுத்தக் கூட முடிக்காம ஓடி வந்தாராம். கடைசில பாத்தா ஒண்ணுமே ஆகல.

— நெருப்ப அணைச்சேன். அதனால ஆகல.

— இதத்தான் சார் பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. யாரு நம்புவாங்க? வேலை போச்சு. பட்டப்பேருதான் மிச்சம். கல்யாணத்துக்குப் போனா, வாங்க அபாயம், சாப்பிட்டீங்களாங்குறாங்க. எங்க அக்கா வீட்டுக்காரர் போன்லயே இவரு பேர அபாயம்னுதான் போட்டு வெச்சிருக்காரு. எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க. என் தலைல கை வெச்சு சத்தியம் வாங்கிட்டேன், இனிமே அந்த வார்த்தை உங்க வாயில வரவே கூடாதுன்னு.

— இதுவரைக்கும் வரல சார். அதுலேர்ந்து நான் வெடிக்காத பாய்லர் மட்டும்தான் செய்றேன்.

— சார், மனசு விட்டுச் சொல்றேன். வேலை போனதுலேர்ந்து இந்த மனுஷன் யாரு முகத்தையும் ஏறெடுத்துப் பாக்குறது இல்ல. ராத்திரி பகலா மூடியும் பசையுமா உக்காந்திருந்தாரு. சரி, அந்தக் குப்பைய நாலு பேரு பாத்து நல்லா இருக்குன்னு சொல்ற இடத்துல வெப்போமேன்னுதான் இந்தக் கடையவே பிடிச்சேன். இது திறக்கலைன்னா அவரு இனிமே எழுந்திரிக்க மாட்டாரு சார். எனக்கும் தெம்பு இல்ல.

— எனக்குப் புரியுதும்மா. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. பக்கத்துச் சலவைக் கடைய எடுத்துக்குங்க. ரொம்ப வருஷமா பூட்டிக் கிடந்தது, இன்னைக்குத்தான் திறக்குறாங்க. அவங்களுக்கு நிஜ பாய்லரே இருக்கு. ஆனா பேப்பர் எல்லாம் வரிசையா அடுக்கி நீட்டினாரு அந்த மனுஷன். பாத்தேன், கையெழுத்து போட்டேன், எழுந்து வந்துட்டேன். அது ஒழுங்கு.

— பாய்லரப் பாத்தீங்களா சார்?

— பேப்பரே சரியா இருக்கும்போது பாய்லர எதுக்குங்க பாக்கணும்?

— ஏங்க, நீங்க கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இருங்க. சார் நல்ல மனசுல இருக்காரு.

— சரி, ஒரு வழி சொல்றேன். மோட்டார், ஆவி மெஷின் எல்லாத்தையும் நிறுத்துங்க. ஆவி நிக்கணும், முள்ளு விழணும். ரெண்டும் நடந்தா, சுவத்துல இருக்கிறது பொம்மைன்னு எழுதிக் கையெழுத்து போட்டுடுறேன்.

— ஏங்க, நிறுத்துங்க. சீக்கிரம்.

— நிறுத்திட்டேன்.

— ம்... ஆவி நின்னுடுச்சு. முள்ளும் விழுது. அந்தப் பெருசும் விழுந்துடுச்சு. நல்லது. எனக்கே கொஞ்சம் சப்புன்னு இருக்கு. பேனா இருக்காம்மா?

— இந்தாங்க சார், இந்தாங்க! புண்ணியமாப் போச்சு. காபி போடட்டுமா?

— போடுங்க. சர்க்கரை கம்மியா. கையெழுத்து எங்க, இங்கயா? ஆமா, அந்த மூலைல ஒண்ணு மட்டும் இன்னும் ஆடுதே.

— ஏங்க, அதோட மோட்டாரையும் நிறுத்துங்களேன்.

— எல்லாத்துக்கும் ஒரே மோட்டார்தான்.

— அப்ப நூல் எங்கயாவது சிக்கியிருக்கும். தட்டி விடுங்க.

— அதுக்கு நூல் கட்டல.

— ஏன் கட்டல?

— அது நான் செஞ்சது இல்லம்மா.

— ஓ, அந்தப் பழசா! சார், சொன்னேனே, கடை பிடிக்கும்போதே இருந்த மீட்டர். அது செத்துப் போனது சார்.

— செத்துப் போனது ஏம்மா ஏறுது?

— காத்துல ஏறும் சார்.

— கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும்மா.

— ஏங்க, குழாய எதுக்குத் தொட்டுப் பாக்குறீங்க? கைய ஏன் உதறுறீங்க? ஏங்க?

— சார், அந்தச் சலவைக் கடை இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே?

— ஆமா. நான் கையெழுத்து போட்டதும் பாய்லரப் பத்த வெச்சாங்க. எதுக்குக் கேக்குறீங்க?

— இந்தக் குழாய் சாகல சார், அவங்க பாய்லர்லேர்ந்துதான் வருது. அந்தக் கடை பூட்டிக் கிடந்தது, இதுவும் தூங்கிக்கிட்டு இருந்தது. அவ்வளவுதான்.

— அப்ப எவ்வளவு நேரமா இது ஏறிக்கிட்டு இருக்கு?

— தெரியாது சார். இத்தனை முள்ளு ஆடும்போது இது ஒண்ணு ஏறுறது யாருக்குத் தெரியும்? மறைக்கணும்னுதானே இவ்வளவும் செஞ்சேன்.

— நேராச் சொல்லுங்க. என்ன ஆகும்?

— சொல்ல முடியாது சார். சத்தியம் பண்ணியிருக்கேன்.

— இவரு முகம் மில்லுலேர்ந்து வந்த அன்னைக்கு மாதிரியே இருக்கு சார்... ஏங்க, முள்ளு இப்ப எங்க நிக்குது?

— சிவப்புக் கோட்டத் தாண்டிடுச்சும்மா.

— அந்தச் சிவப்புக் கோடு நீங்க போட்டதுதானே? அதுவும் சும்மாதானே? சும்மான்னு சொல்லுங்க.

— இல்லம்மா. இது சும்மா இல்ல.

— அம்மா, பதறாதீங்க. இவரு ஒண்ணுமில்லாததுக்கு ஒரு மில்லயே தெருவுல நிறுத்தினவர்னு நீங்களேதான் சொன்னீங்க. இப்ப இவரு பேச்சக் கேட்டு நான் போய் அடுப்ப அணைங்கன்னா, கையெழுத்து போட்ட என் முகத்துல காறித் துப்ப மாட்டாங்களா? நீங்களே சொல்லுங்க, இவர நீங்க நம்புறீங்களா?

— சத்தியம் பண்ணினது அவருதான் சார், நான் இல்ல. தள்ளுங்க, கதவத் திறக்கணும்... சலவைக் கடைக்காரரே! மாடி வீட்டுக்காரங்களே! நெருப்ப அணைச்சிட்டு எல்லாரும் வெளிய வாங்க! அபாயம்! அபாயம்!