நான் திருப்பிக் கொடுத்த துப்பாக்கி

துப்பாக்கியை வெறும் கையால் தொட்டால் முதலில் கெடுவது அதன் நீலப் பூச்சுதான். விரல் வியர்வையில் உப்பு இருக்கிறது. துடைக்காமல் வைத்துவிட்டால் ரேகை அப்படியே துருவாக மேலே வந்துவிடும். என் மேசை இழுப்பறை முழுக்க வெள்ளைப் பருத்திக் கையுறைகள் இருப்பது அதனால்தான். நீங்கள் விசாரிக்க வீட்டுக்கு வந்த அன்று அவற்றைச் சந்தேகமாகப் பார்த்தீர்கள், ஹால்ஸி. சேகரிக்கிற எல்லார் வீட்டிலும் அவை இருக்கும். அந்தப் பெரெட்டா கைத்துப்பாக்கியில் என் ரேகை இல்லாமல் போனதற்கு வேறு காரணம் கிடையாது.

ராய்ஸ் டெல்கம்பும் நானும் ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரித்தோம் என்று உங்கள் போலீஸ் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. ராணுவம் கொடுத்ததை ராணுவமே வாங்கி வைத்துக்கொள்ளும். சிப்பாய் அதை ஒப்படைத்துவிட்டு வெற்று இடுப்போடு வீட்டுக்கு வர வேண்டியதுதான். ஆனால் அதே தொழிற்சாலை அதே அச்சில், அதே எடையில், கடையில் விற்பதற்கென்று ஒன்று செய்யும். முத்திரை மட்டும் வேறு. நாங்கள் அதை சிவிலியன் என்போம். ராய்ஸ் இராக்கில் ராணுவப் போலீஸாக இருந்தவன். தன்னிடமிருந்து வாங்கிக்கொண்ட பெரெட்டாவின் உடன்பிறப்பை ஊருக்கு வந்த வாரமே கடையில் வாங்கினான். அவனுக்கு இந்தப் பைத்தியம் அங்கே ஆரம்பித்தது. எனக்கு அப்படிக் கதை எதுவும் இல்லை. பத்தொன்பது வயதில் படையில் சேரப் போனேன். இடது காது சரியில்லை என்று அனுப்பிவிட்டார்கள். என்னைப் போலவே போருக்குப் போகாமல் வீட்டில் தங்கிவிட்ட துப்பாக்கிகள் எனக்குப் பிடித்துப்போயின.

ராய்ஸிடம் ஒரு நாற்பத்தைந்து காலிபர் கைத்துப்பாக்கி இருந்தது, நாற்பத்தைந்து என்றே சொல்வோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கடைக்கு வந்தது, ஒருமுறைகூடச் சுடப்படாதது. அந்தக் காலத்தில் துப்பாக்கியின் எண்ணை அதன் அட்டைப்பெட்டியின் அடியில் பென்சிலால் எழுதி விற்பார்கள். எண் பொருந்தும் பெட்டியோடு ஒன்று கிடைப்பது அபூர்வம். அந்தப் பெட்டி என்னிடம் இருந்தது. பான்கா சிட்டியில் செத்துப்போன ஒருவர் வீட்டு ஏலத்தில், பழைய கதவுக் கைப்பிடிகள் இருந்த கூடையின் அடியில் கிடந்தது. அவன் துப்பாக்கியை விற்கமாட்டான். நான் பெட்டியைக் கொடுக்கமாட்டேன். சனிக்கிழமை காலையில் உணவகத்தில் எங்களுக்கு இதுதான் பேச்சு. என் பெட்டிதான் கூடு, அவன் துப்பாக்கிதான் கோழி.

"என்ன மார்வா, கூடு எப்படி இருக்கு? கோழி வந்துச்சா?"

"கோழிதான் வெளிய குளிர்ல நிக்குது. கூடு நல்லா கதகதப்பா இருக்கு. வரச் சொல்லு."

"கோழிக்கு ரோஷம் ஜாஸ்தி. கூட்டைத் தூக்கிக்கிட்டு நீ வா."

பரிமாறுகிற பெண்ணுக்குக்கூட இது மனப்பாடம். ரொட்டியின் மேல் குழம்பை ஊற்றிக்கொண்டே, "இன்னுமா உங்களுக்குக் கல்யாணம் ஆகலை?" என்பாள். நாங்கள் அந்த மாதிரி இல்லை. ஆனால் நான் யாரோடும் அவனோடு சிரித்த அளவுக்குச் சிரித்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வசந்தத்தில் அவனுக்கு மனசு மோசமாகி, உயிரோடு இருக்கவே பிடிக்காமல் போய்விட்டது. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். அப்படி ஒரு காலம் வந்தால் துப்பாக்கிகளை நண்பன் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். யாரும் காரணம் கேட்பதில்லை. ராய்ஸ் என் வாசலில் தரையைப் பார்த்துக்கொண்டு, "கொஞ்ச நாள் வச்சிரு, மார்வா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அவன் அக்கா ஜோலீனும் நானும் எல்லாவற்றையும் போர்வைகளில் சுற்றி அவள் வண்டியில் ஏற்றினோம். பிறகு வீட்டில் இருந்த தோட்டாக்களைத் தேடி எடுத்தோம். சமையலறை இழுப்பறை, பூட்ஸுக்குள், வண்டி இருக்கைக்கு அடியில். துணி துவைக்கும் இயந்திரத்தில்கூட ஒன்று கிடைத்தது. ஒன்றுகூட மிச்சமில்லை என்று ஜோலீனிடம் சொன்னது நான்தான்.

கிளம்பும்போது ராய்ஸ், "எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா எல்லாம் மார்வாவுக்குத்தான், அக்கா" என்றான்.

"வாயை மூடுடா" என்று ஜோலீன் அழுதாள்.

"கோழியும் சேர்த்தா?" என்றேன். மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

அன்று மாலை நாற்பத்தைந்தை அதன் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். அட்டையின் உள்ளே, எத்தனையோ வருடங்களுக்கு முன்பு அதே இரும்பு அழுத்திவிட்டுப் போன தடம் இருந்தது. அதில் போய்த் தானாக உட்கார்ந்துகொண்டது. மூடியைச் சாத்தும்போது மெல்லக் காற்று வெளியேறியது. எனக்குப் பிள்ளைகள் கிடையாது. பிள்ளை பெற்றவர்கள் சொல்வதை வைத்துத்தான் இதை ஒப்பிட முடியும், ஒப்பிடாமல் விட்டுவிடுகிறேன்.

ராய்ஸ் தேறிக்கொண்டு வந்தான். ராணுவ மருத்துவமனையில் ஒரு மனநலக் குழுவுக்குப் போனான், எடை கூடினான். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னான்.

"எல்லாத்தையும் வித்துடலாம்னு இருக்கேன், மார்வா. அமரில்லோ வியாபாரி மொத்தமா எடுத்துக்கறேங்கறான். அக்கா வீட்டுப் பக்கத்துல ஒரு இடம் பாத்திருக்கேன். இனிமே எனக்கு இது எதுவும் வேண்டாம்."

"நாற்பத்தஞ்சுமா?"

"அவன் கேக்கறதே அதைத்தான்."

"எனக்குக் குடு. அவன் தர்றதை நான் தர்றேன்."

"உன்கிட்ட இருந்தா நான் வந்து பாத்துக்கிட்டே இருப்பேன். எல்லாம் தூரமாப் போகட்டும். பெட்டியையும் அவனுக்கே தள்ளிடேன். கோழி வளக்கறதை நாம ரெண்டு பேருமே நிறுத்திடலாம்." சந்தோஷமாகச் சொன்னான். என் தட்டிலிருந்து ஒரு துண்டு இறைச்சியை எடுத்துத் தின்றான்.

சரி என்றேன். அது அவனுடைய பொருள். அடுத்தவர் பொருளை நான் வைத்துக்கொண்டதில்லை. துப்பாக்கிகளை வைத்திருந்த இரும்பு அலமாரியின் பூட்டு சிக்கிக்கொண்டது என்று சொன்னேன், பிறகு பூட்டுக்காரர் ஊரில் இல்லை என்றேன். நவம்பர் வந்துவிட்டது.

முன்னாள் படைவீரர் நாளன்று உணவகங்களில் அவர்களுக்குச் சாப்பாடு இலவசம். ராய்ஸ் போகமாட்டான். அவனோடு ஒரே வண்டியில் இருந்த இருவர் செத்தது நவம்பரில்தான். அன்றைக்குத் திரைகளை இழுத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். வருடா வருடம் ஜோலீன் அவன் கூடவே இருப்பாள். இந்த வருடம் அவள் மகளுக்குப் பிரசவம், விச்சிட்டாவிலிருந்து எனக்குப் போன் செய்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அவன்கூட இரு, மார்வா. நாளைக்கு ஆயிட்டா சரியாயிடுவான். சூப் ஏதாச்சும் கொண்டுபோ."

கொண்டுபோனேன். சோளம் போட்ட கோழி சூப். மேசையில் அதை வைத்துவிட்டு, பக்கத்தில் ஃபிளானல் துணியில் சுற்றிய பெரெட்டாவை வைத்தேன். ராய்ஸ் பிரித்துப் பார்த்தான்.

"இத்தனை இருக்கறப்ப இதைப் போய் எடுத்திருக்கியே" என்றான். "ராணுவத்துல நான் வச்சிருந்தது இந்த மாதிரிதான்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. உனக்கு எல்லாமே தெரியுது, மார்வா."

நான் அதை எடுத்த காரணம் அதுவல்ல. அந்த மாடல் ஆயிரக்கணக்கில் விற்பனைக்கு இருக்கிறது. அவனுடைய சேகரிப்பில் ஒன்று இல்லாமல் போனால் இடைவெளி தெரியாதது அது ஒன்றுதான். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபோது திருத்தத் தோன்றவில்லை. ஒருவருக்குக் கிடைத்த ஆறுதலைப் பிடுங்கக் கூடாது.

பிறகு அவன் அதைத் துணியில் சுற்றி என் பக்கம் தள்ளினான். "இன்னிக்கு வேண்டாம். எடுத்துட்டுப் போ. நாளைக்கு எல்லாத்தோடயும் சேத்துக் கொண்டா."

"கேட்டது நீதானே, ராய்ஸ்."

"கேட்டேன். இன்னிக்கு மட்டும் வேண்டாம், ப்ளீஸ்."

"உன் பொருளை வண்டியில வச்சுக்கிட்டு நான் ஊரைச் சுத்த முடியாது" என்றேன். "சூப் ஆறிடப் போகுது."

நான் கையுறையைக் கழற்றாமல் இருந்ததை அவன் கவனித்தானா என்று எனக்குத் தெரியாது. கதவு வரைக்கும் வந்தான். நன்றி சொன்னான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் எனக்குள் எதையோ தேடிப் பார்த்தேன். நான் கெட்டவளாக இருந்தால் ஏதாவது ஒன்று நடுங்கியிருக்க வேண்டும். ஸ்டியரிங்கில் கைகள் நிதானமாக இருந்தன. ஒரு மூடி பொருத்தமாகச் சாத்திக்கொண்ட மாதிரி நிம்மதிதான் இருந்தது. சூப் பாத்திரத்தை அங்கேயே விட்டுவிட்டோமே என்பது மட்டும் கொஞ்சம் உறுத்தியது.

ஜோலீன் பெரிய மனசுக்காரி. ராய்ஸின் சவ அடக்கம் முடிந்ததும், தம்பி சொன்ன வார்த்தை வார்த்தைதான், எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொள் என்றாள். விசாரணைக்காக நீங்கள் நாற்பத்தைந்தை எடுத்துப்போவதாக இருந்தால் பெட்டியோடு எடுத்துப்போங்கள். இரண்டையும் பிரிக்காதீர்கள். இத்தனை வருடம் பிரிந்திருந்தது போதும்.

இன்னும் ஒன்று கேட்டீர்கள். ஜோலீனும் அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்கிறாளாம். வீட்டில் ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் துடைத்து எடுத்தோமே, பிறகு தோட்டா எங்கிருந்து வந்தது என்று. ஃபிளானலுக்குள் தோட்டா அடைக்கிற மேகசினும் இருந்தது. நான்தான் நிரப்பினேன். நல்ல நிலையில் வாங்கியதை நல்ல நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும், எண்ணெய் போட்டு, துடைத்து, எதுவும் குறையாமல். அப்படித்தான் கொடுத்தேன். துப்பாக்கி அவனுடையது, ஹால்ஸி. தோட்டாக்கள் மட்டும்தான் என்னுடையவை. அவற்றை நான் திருப்பிக் கேட்கப்போவதில்லை.