உள்ளிருந்து மூன்று தட்டு

இரவு பதினொன்றேகால். இரண்டாம் ஷிப்ட் விட்டாயிற்று. மிசூரி ஆற்றங்கரைச் சாலையில் ஒரே ஒரு கார்...

நம் வெர்னனின் பெரியம்மா வெல்டாவுக்கு நடந்தது இது. கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள்.

ஓட்டியவர் ஃபோர்மேன் ஹார்லன். பக்கத்தில் வெல்டா. இரண்டாம் உலகப் போர்க்காலம். பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். ஒரே வழியில் போகிறவர்கள் ஒரே காரில் போயாக வேண்டும். பிடிக்காவிட்டாலும்.

கன்சாஸ் தொழிற்சாலையில் அவர்கள் செய்தது இரட்டை என்ஜின் குண்டுவீச்சு விமானம். டோக்கியோவரை போய்க் குண்டு போட்ட ரகம். போர்முனையிலிருந்து திரும்பிய விமானிகள் வாலிலும் துப்பாக்கி வேண்டும் என்றார்கள். வால் மாறியது. அவசரம் கூடியது.

வெல்டா வெளியே நின்று, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளை அடிப்பாள். அவள் ஜோடி டெஸ்ஸி குட்டையானவள். வாலுக்குள் ஊர்ந்துபோய், மறுபக்கம் இரும்புக்கட்டியை முட்டுக்கொடுப்பாள். அந்தச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. கட்டியால் உள்ளிருந்து தட்டுவாள். ஒன்று என்றால் சரி. இரண்டு என்றால் இன்னும் அடி. மூன்று என்றால் கெட்டது, எடுத்துவிடு.

செப்டம்பரில் ஒரு நாள் மூன்று கேட்டது. வெல்டா ரிவெட்டைத் துளைத்தெடுக்க டிரில் கொண்டுவரப் போனாள். திரும்பியபோது வாலருகே ஹார்லன் நின்றிருந்தார்; தட்டு ஒன்று கேட்டது. டிங். மெல்லிசாக. சரி என்கிறாளே என்று அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். அன்றே டெஸ்ஸியை வேறு பகுதிக்கு மாற்றினார்கள். அந்த ரிவெட்டைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

அடுத்த மாதம், அரசின் போர்க்கடன் பத்திரம் வாங்கியவர்களுக்குக் குலுக்கல். பரிசு, சோதனைப் பறப்பில் ஓர் இடம். டெஸ்ஸிக்கு விழுந்தது. தன் கைபட்ட வாலைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்துவிட்டு ஏறினாள்.

மேலே போனதும் வால் கழன்றது. விமானிகளோடு அவளும்...

விசாரணையில் ஹார்லன் சொன்னார்: "உள்ள இருந்தது அவ. சரின்னு தட்டினதும் அவ." ஊர் நம்பியது. தேவாலயத்தில் டெஸ்ஸியின் அம்மா பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வெல்டாவும் உட்காரவில்லை.

இப்போது, காரில்.

டொக். டொக். டொக்.

காலடித் தகட்டில்.

"என்ன அது?"

"கல்லு தெறிக்குது. ஏம்மா, பேய்னு நெனச்சியா? அதுக்கும் பெட்ரோல் கூப்பன் குடுத்துட்டாங்களா?"

தானே சிரித்துக்கொண்டார். காருக்குள் கிராம்பு வாசனை வந்தது. டெஸ்ஸி எப்போதும் கிராம்பு சூயிங்கம்தான் மெல்லுவாள்.

டொக். டொக். டொக்.

ஸ்டியரிங்கில் ஹார்லனின் விரல்கள் நிலைகொள்ளவில்லை. மோதிரம் பட்டது.

டிங். மெல்லிசாக.

வெல்டா திரும்பி அந்த விரலைப் பார்த்தாள். இரும்புக்கட்டி அப்படி ஒலிக்காது.

"அன்னைக்கு அந்த ஒரு தட்டு... நீங்க தட்டினதா?"

"எந்த அன்னைக்கு?"

"நான் டிரில் எடுக்கப் போனேனே."

அவர் சாலையையே பார்த்தார். "அங்க போர்முனைல பசங்க விமானத்துக்குக் காத்துக்கிட்டிருந்தாங்க வெல்டா. ஒரு ரிவெட்டுக்காக லைனையே நிறுத்தச் சொல்றியா?"

டொக். டொக். டொக்.

"சனியன்!"

சாலை இறங்கும் சரிவில் நிறுத்தினார். கீழே ஆறு. என்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, டார்ச்சோடு இறங்கினார். பின்சக்கரத்துக்கு முன்னால் மல்லாந்து படுத்து உள்ளே நுழைந்தார். பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது.

"ஒண்ணும் ஆடலையே..." கீழிருந்து குரல் வந்தது. "ஏய், நீதான் காலால தட்டுறியா?"

வெல்டா இரண்டு கால்களையும் இருக்கைமேல் தூக்கி வைத்திருந்தாள்.

ஆற்றுச் சத்தம். கிராம்பு வாசனை முகத்துக்கு நேரே வந்தது, யாரோ குனிந்து மூச்சு விடுகிறாற்போல...

டொக்.

டொக்.

டொக்.

இந்த முறை கீழே இல்லை. ஹேண்ட் பிரேக் கம்பியில். கம்பி லேசாக அதிர்ந்தது. மூன்று என்றால் கெட்டது, எடுத்துவிடு.

வெல்டா அதைப் பிடித்தாள். அலுமினியத் தகடுபோல் சில்லென்றிருந்தது.

"எதை எடுக்கணும், டெஸ்ஸி?"