அரைக்கால் சட்டை அணிந்த அடையாளம் தெரியாத நபர்

என் பெயர் ராஜி. வயது நாற்பத்தேழு. கணவர் பெயர் மணிவண்ணன். ஹைதராபாத் ராமச்சந்திராபுரத்தில், தொழிற்சாலைக் குடியிருப்பை ஒட்டிய தெருவில், என் கணவரின் அண்ணன் சின்னசாமி கட்டிய மாடி வீட்டில் கூட்டுக் குடும்பமாக வசிக்கிறேன். வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். என் கணவர் இங்குள்ள கனரகத் தொழிற்சாலையில் மூத்த ஃபிட்டர். எனக்குத் தெலுங்கு வரும். காய்கறிக்காரரிடம் சண்டை போடும் அளவுக்கு நன்றாகவே வரும். ஆனால் இந்த விஷயத்தைத் தமிழில் சொன்னால்தான் எனக்குத் திருப்தி என்று கேட்டுக்கொண்டதால், தமிழ் தெரிந்த தலைமைக் காவலர் ஆக்னஸ் அவர்கள் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார்.

சென்ற வியாழக்கிழமை மாலை லிங்கம்பள்ளி ரயில் நிலையத்தில், அரைக்கால் சட்டையும் தொப்பியும் அணிந்த அடையாளம் தெரியாத ஆண் நபர் ஒருவருடன் நான் சிரித்துப் பேசியபடி ரயில் ஏறியதாக எங்கள் தெருவில் வசிக்கும் உமேஷ் சொன்னதன் பேரில், என் மூத்தார் சின்னசாமி இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார். தம்பி வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கும் நேரம் பார்த்துத் தம்பி மனைவியை யாரோ ஏமாற்றிக் கூட்டிப் போய்விட்டான், அவன் மேல் கடத்தல் வழக்குப் போட்டுப் பெண்ணை மீட்டுத் தரவேண்டும் என்பது புகார். அதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அரைக்கால் சட்டை உண்மை. தொப்பி உண்மை. சிரித்ததும் உண்மை. அந்த நபர் என் கணவர் மணிவண்ணன்.

உமேஷ் மீது எனக்குக் கோபம் இல்லை. எங்கள் தெருவில் என் கணவரைத் தொழிற்சாலைச் சீருடையிலும் லுங்கியிலும் தவிர வேறு எதிலும் யாரும் பார்த்ததில்லை. அது மணிவண்ணனாக இருக்கக்கூடாதா என்று ஆக்னஸ் மேடம் விசாரித்தபோது, "மணியண்ணா கைக்கு மேடம், எதுக்குப் பொண்டாட்டிகிட்ட அப்படிச் சிரிச்சுப் பேசப்போறாரு?" என்று உமேஷ் திருப்பிக் கேட்டாராம். இது எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பொய் என்று சொல்ல முடியவில்லை.

வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் போனது ஏன் என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் யாரும் தனியாக எங்கும் போவதில்லை. கல்யாணமான புதிதில் திருப்பதிக்குப் போனோம்; பஸ்ஸில் நான் மாமியார் பக்கத்திலும் அவர் அண்ணன் பக்கத்திலும் உட்கார்ந்து போய், அப்படியே திரும்பி வந்தோம். போன வருடம், நாகார்ஜுன சாகருக்கு நாங்கள் இருவர் மட்டும் போய்வரலாமா என்று என் கணவர் அண்ணனிடம் மெல்ல வாய் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது வாசலில் வேன் நின்றது. பெரிய குக்கர், ஜமுக்காளம், தண்ணீர் கேன், மூத்தாரின் இரண்டு மகன்கள், மருமகள்கள், பிள்ளைகள், பக்கத்து வீட்டு அம்மாள் என எல்லாம் ஏறியது. அணையை நான் பார்க்கவில்லை, புளியோதரை பரிமாறிக்கொண்டிருந்தேன். என் மூத்தார் கெட்டவர் அல்ல. எங்களுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. தனியாக விட்டதும் இல்லை.

அதன் பிறகு, சில வாரங்களுக்கு முன்பு, கிழக்குக் கடற்கரையில் உள்ள ஒரு தேசியப் பூங்காவைப் பற்றிய வீடியோ என் போனுக்கு வந்தது. காட்டு வழியாகக் கடற்கரை வரை நடக்கலாம், கடலில் குளிக்கலாம், கூடாரத்தில் தங்கலாம், ஒரு கூடாரத்தில் இரண்டு பேருக்கு மட்டுமே அனுமதி என்று அதில் சொன்னார்கள். அந்தக் கடைசிச் செய்தியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பிறகு அதை என் கணவருக்கு அனுப்பினேன். அப்போது நான் சமையலறையில் இருந்தேன், அவர் கூடத்தில் அண்ணனுடன் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து "எப்ப?" என்று பதில் வந்தது. அதன் பிறகு டிக்கெட், கூடாரம், துண்டு, டார்ச் எல்லாவற்றையும் ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு போனிலேயே பேசி முடித்தோம். நேரில் பேசினால் நான் சிரித்துக் காட்டிக்கொடுத்துவிடுவேன் என்று அவர் பயந்தார். அவர் வீட்டில் வெளியூரில் பயிற்சி என்று சொன்னார். நான் சென்னையில் என் தங்கை ரோகிணி வீட்டுக்குப் போவதாகச் சொன்னேன். தங்கையிடம் இதைச் சொல்லி வைக்காமல் போனது என் தவறு. திருட்டுத்தனம் செய்து எங்களுக்குப் பழக்கமில்லை.

வியாழக்கிழமை அவர் வேலை முடிந்து நேராக ரயில் நிலையத்துக்கு வந்துவிட்டார். நான் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தேன். அவர் கழிப்பறைக்குள் சீருடையுடன் போய் அரைக்கால் சட்டையில் வெளியே வந்து, பையை முழங்காலுக்கு முன்னால் பிடித்து மறைத்துக்கொண்டு, "நல்லா இல்லையா?" என்று கேட்டார். வெயிலே பாராத அந்தக் கால்கள் உரித்த முள்ளங்கி மாதிரி இருந்தன. நான் வாய்விட்டுச் சிரித்தேன். உமேஷ் பார்த்தது அந்தச் சிரிப்பைத்தான்.

மறுநாள் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, பூங்கா வாசலில் ஆதார் அட்டைகளைக் காட்டிப் பெயர் பதிந்தோம். வனத்துறை வழிகாட்டி ஒருவர் எங்களையும் வேறு சிலரையும் அழைத்துச் சென்றார். முதலில் சவுக்குத் தோப்பு, பிறகு தாழம்புதர், பிறகு கழிமுகத்தின் மேல் ஒரு மரப்பாலம். சேற்றில் சிவப்பு நண்டுகள் ஆயிரக்கணக்கில் நின்றன. நாங்கள் கால் வைத்ததும் மொத்தமும் வளைக்குள் போய்விட்டன. என் கணவருக்கு மூச்சு வாங்கியது. அவர் பையையும் நானே வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் யாரோ விசில் அடிக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினால், அடித்தது அவர். இத்தனை வருடத்தில் அவர் விசில் அடித்து நான் கேட்டதில்லை. "உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்றேன். "தெரியும். வீட்ல அண்ணன் இருப்பாரே" என்றார்.

கடலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். ஓடினேன் என்றே எழுதச் சொன்னேன். சுடிதாரோடு இறங்கி அலையில் உட்கார்ந்தேன். அவர் தொப்பியைக் கழற்றாமல் கணுக்கால் நனைய நின்று, ஆழம் போகாதே என்று எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரு அலை அவரைத் தூக்கி என் பக்கத்தில் போட்டது. மூக்கில் தண்ணீர் ஏறி இருமிவிட்டு, "இன்னொண்ணு வரட்டும்" என்றார். இருட்டும்வரை நாங்கள் கரையேறவில்லை.

அதற்கு முன்னால் கூடாரம் அடிக்க ஒரு மணி நேரம் பாடுபட்டார் என்பதைச் சொல்ல விட்டுவிட்டேன். டன் கணக்கில் எடையுள்ள டர்பைனை மயிரிழை பிசகாமல் உட்கார வைக்கிறவருக்கு, மூங்கில் குச்சி போன்ற இரண்டு கம்பியை வளைக்கத் தெரியவில்லை. கூடாரம் அவர் தலைமேலேயே இரண்டு தடவை விழுந்தது. கடைசியில் வழிகாட்டி வந்து கண் மூடித் திறப்பதற்குள் நிறுத்திக் கொடுத்தார். சாப்பாட்டு நேரத்தில் பழக்க தோஷத்தில் நான் எழுந்து கரண்டியை வாங்கப் போனேன். அங்குள்ள சமையல்காரர், "மீரு கூர்ச்சோண்டி அம்மா" என்று என்னை உட்கார வைத்து, சூடான சோற்றையும் மீன் குழம்பையும் முதலில் எனக்குப் போட்டார். இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் சூரியன் வரும் நேரம் இருவரும் மணலில் உட்கார்ந்திருந்தோம். அவர் ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறவர் போலத் தொண்டையைக் கனைத்தார். வெகு நேரம் கழித்து, "டீ கிடைக்குமா பாக்கட்டுமா?" என்றார். பாருங்கள் என்றேன். நான் அப்போது மிகவும் சந்தோஷமாக இருந்தேன். இது வழக்குக்குத் தேவையா என்று ஆக்னஸ் மேடம் கேட்டார். தேவை என்று சொன்னதால் எழுதிக்கொண்டார்.

பூங்காவுக்குள் போன் எடுக்காது. ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் வாசலுக்கு வந்ததும் இரண்டு போனும் விடாமல் கத்தின. தங்கை ரோகிணி தற்செயலாக வீட்டுக்குப் போன் செய்து அக்கா எங்கே என்று கேட்டிருக்கிறாள். தம்பியின் போனும் எடுக்காததைப் பயிற்சி வகுப்பில் இருப்பான் என்று மூத்தார் எடுத்துக்கொண்டார். நாங்கள் இருவரும் சேர்ந்து போயிருப்போம் என்பது மட்டும் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்போதே ஆக்னஸ் மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மா, பயப்படாம சொல்லுங்க. கூட யார் இருக்காங்க?"

"எங்க வீட்டுக்காரர்."

"நக்கோம்மா, பொய் நக்கோ, பொய் வேணாம். உங்க வீட்டுக்காரர் ட்ரெயினிங்ல இருக்காரு. அந்த ஆள் பக்கத்துல நின்னு மிரட்டுறானா?"

போனை அவரிடம் கொடுத்தேன். அவர் வணக்கம் சொல்லிவிட்டுத் தன் பணியாளர் எண்ணைச் சொன்னார். மேடம் நம்பவில்லை. இருவரும் நேரில் வந்து நான் என் வாயால் சொன்னால்தான் புகாரை முடிக்க முடியும் என்றார்.

ரயிலில் வரும்போது எனக்குக் காவல் நிலையத்தைப் பற்றிப் பயம் இல்லை. அண்ணன் எதிரில் இவர் என்ன சொல்வாரோ என்பதுதான் பயம். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் இவர், ராஜிதான் கூப்பிட்டாள், மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை என்று சொல்லிவிட்டால், அந்தக் கடலும் விசிலும் எனக்கு இல்லாமலே போய்விடும். இவரைக் கேட்கவும் எனக்குத் துணிவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இன்று காலை ரயில் நிலையத்திலிருந்து பையும் மணலுமாக நேராக இங்கே வந்தோம். மூத்தார் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நேற்றிலிருந்து சாப்பிடவில்லையாம், கண்கள் வீங்கியிருந்தன. என்னைப் பார்த்து எழுந்து, "வந்துட்டியாம்மா" என்று கும்பிட்டார். எனக்கு மனசு பொறுக்கவில்லை. பிறகு என் பின்னால் நின்ற அரைக்கால் சட்டையைப் பார்த்து, "எவன்டா நீ?" என்று கையை ஓங்கி, கை பாதியில் நிற்க, "மணியா?" என்றார்.

என் கணவர் தலையைக் குனிந்தார். பேசமாட்டார் என்றே நினைத்தேன். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, நான்தான் கூட்டிட்டுப் போனேன். எனக்கு ராஜியோட தனியா போகணும்னு ஆசையா இருந்துச்சு. அவ்ளோதான்" என்றார். குரல் நடுங்கியது. ஆனால் காவல் நிலையம் முழுவதும் கேட்டது. மூத்தார் ஓங்கிய கையை இறக்கினார். அதன் பிறகு, "சொல்லியிருந்தா நானே வேன் வச்சிருப்பேனேடா" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மொத்தக் குடும்பமும் வெளியே அதே வேனில் காத்திருப்பதாகத் தெரிந்தது.

அதன் பிறகு ஆக்னஸ் மேடம் என்னை மட்டும் உள்ளே அழைத்து உட்கார வைத்து, இந்த வாக்குமூலத்தை எழுதத் தொடங்கினார். என்னை யாரும் கடத்தவில்லை. யாரும் ஏமாற்றவில்லை. என் விருப்பப்படியே போனேன், என் விருப்பப்படியே திரும்பினேன். முடிவாக ஒரு கேள்வி கேட்கவேண்டும், விதிமுறை அப்படி, தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று சொல்லி, "நீங்க இப்ப யார்கூடப் போக விரும்புறீங்க?" என்று கேட்டார்.

எனக்கு இருபத்தொரு வயதில் கல்யாணம் ஆனது. அப்போது சமைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். தையல் தெரியுமா என்று கேட்டார்கள். புடவை அரக்கா பச்சையா என்று கேட்டார்கள். இவருடன் போக விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. இன்று கேட்கிறார்கள். இன்று தெரிகிறது.

நான் என் கணவர் மணிவண்ணனுடன் போக விரும்புகிறேன்.

மேலே உள்ளதைத் தலைமைக் காவலர் எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, யாருடைய வற்புறுத்தலும் இல்லை. கடைசிப் பதிலை மட்டும், வெளியே பெஞ்சில் இருக்கும் அவருக்குக் கேட்கும்படி இன்னொரு தடவை சத்தமாகப் படிக்கச் சொன்னேன். படித்தார். அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
ம. ராஜி